தொப்பிக்குப் போன ஆறு

2025 மார்ச் 5. இங்கிலாந்தின் தென்கடலோரத்தில், டார்செட் பகுதியின் ஸ்டட்லண்டில், மணற்குன்றுகளுக்குப் பின்னால் ‘லிட்டில் சீ’ என்றொரு ஏரி இருக்கிறது. பெயரில்தான் கடல், தண்ணீர் நன்னீர். அன்று அதன் கரையில் கொண்டுவந்து வைத்த கூண்டுகளைத் திறந்தார்கள். கொழுத்த, பழுப்பு நிறப் பிராணிகள் நான்கு தயங்கித் தயங்கி வெளியே வந்து நீருக்குள் நழுவின. இரண்டு ஜோடி பீவர்கள். வேலி எதுவும் இல்லாமல், சோதனை முயற்சியாகவும் அல்லாமல், அரசின் முறையான உரிமத்தோடு, இங்கிலாந்தின் திறந்த வெளியில் பீவர்களை விட்டது அதுவே முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 7 அன்று, அட்லாண்டிக்குக்கு அப்பால் கனடாவில் ஹட்சன்ஸ் பே கம்பெனி கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது. 1670இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் சாசனம் எழுதிக் கொடுத்துத் தொடங்கிய நிறுவனம் அது. ஜூன் முதல் தேதியோடு அதன் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. கம்பெனியின் முத்திரையில் ஒரு சிவப்புச் சிலுவையும், அது பிரிக்கும் நான்கு கட்டங்களில் கட்டத்துக்கு ஒரு பீவருமாக நான்கு பீவர்கள் உண்டு.

நான்கும் நான்கும் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் அந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே நெடுநாள் தீராத ஒரு கணக்கு கிடக்கிறது. ஒரு தொப்பிக்காகக் கண்டம் கண்டமாக ஆறுகளின் உருவம் மாறிய கணக்கு.

பீவருக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. நம் ஆறுகளில் அது இருந்ததே கிடையாது. நம் ஊர் நீர்நாய் வேறு. அது மீன் பிடித்துத் தின்னும் ஆட்டர். பீவரோ எலி, அணில் கூட்டத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு, சுத்த சைவம், மீனைத் தொடாது. வளர்ந்தது இருபது கிலோவைத் தாண்டும். துடுப்புப் போலத் தட்டையான, செதில் படர்ந்த வால். முன்பற்கள் வெற்றிலை போட்டவர் பல்லைப் போல ஆரஞ்சு நிறம். கறை அல்ல, பல்லின் மேற்பூச்சில் இரும்பு கலந்திருப்பதால் வந்த நிறம். அந்தப் பல்லால் வில்லோ மரத்தையும் ஆஸ்பென் மரத்தையும் சாய்த்துப் பட்டையைத் தின்கிறது. வில்லோ நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலைக்கு உறவு. வெட்ட வெட்டத் துளிர்க்கும் சாதி.

தின்றது போக மிஞ்சும் கட்டைகளைக் கொண்டு அது அணை கட்டுகிறது. அணை என்றதும் நமக்கு மேட்டூர் நினைவுக்கு வந்துவிடுகிறது. இதற்கு அந்த ஒப்புமை உதவாது. தமிழ்நாட்டு ஆற்றுப்பாசனத்தில் கொரம்பு என்று ஒன்று உண்டு. கிளையும் புல்லும் மண்ணும் போட்டு ஆற்றைக் குறுக்கே அடைத்து, நீரைக் கொஞ்சம் ஏற்றி வாய்க்காலுக்குத் திருப்புவது. பெருவெள்ளம் வந்தால் போய்விடும். மறுபடி போட வேண்டும். பீவர் கட்டுவது கொரம்புதான். ஒழுகும், வழியும், உடையும். ஒவ்வொரு இரவும் பீவர் வந்து சரிசெய்யும்.

அதற்கு இந்தப் பாடு பாசனத்துக்காக அல்ல, வாசலுக்காக. பீவரின் வீட்டு வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஓநாயும் கரடியும் உள்ளே வராமல் இருக்க வேண்டுமானால் வாசல் எப்போதும் மூழ்கியே இருக்க வேண்டும். ஆழமான ஏரியிலோ பெரிய ஆற்றிலோ வாழும் பீவர் அணை கட்டுவதில்லை. கரையைக் குடைந்து குடியிருந்துவிடுகிறது. சின்ன ஓடையில் மட்டும்தான் இந்தக் கட்டட வேலை. ஸ்வீடனில் லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர் வேடிக்கையான சோதனை ஒன்றைச் செய்தார். ஓடும் நீரின் சலசலப்பைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டார். அங்கே ஒழுகும் தண்ணீரே இல்லை. இருந்தும் பீவர்கள் அந்தச் சத்தம் வந்த இடத்தின் மேல் குச்சியையும் சேற்றையும் கொண்டுவந்து அப்பின. குழாய் சொட்டினால் தூங்க முடியாத மனிதர்களைப் போல.

இந்த நமைச்சலின் விளைவு என்ன? ஓடை ஒற்றை வாய்க்காலாக ஓடுவதில்லை. குளம், அதிலிருந்து வழிந்து இன்னொரு குளம், நடுவே நாலைந்து சிறு கால்கள், சேறு, நாணல், பட்டுப்போன மரங்கள். பார்க்க அலங்கோலம். ஆனால் மழைநீர் அங்கே நின்று, பரந்து, மண்ணுக்குள் இறங்கி, கோடையில் மெல்லக் கசிந்து வெளியே வருகிறது. வயலிலிருந்து அடித்து வந்த வண்டல் குளத்தடியில் தங்கிவிடுகிறது. வடக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சிற்றாறுகள் பல்லாயிரம் ஆண்டுகள் இப்படித்தான் கிடந்தன.

பிரிட்டனில் அந்தக் காலத்தின் மிச்சம் ஊர்ப்பெயர்களில் ஒட்டியிருக்கிறது. யார்க்‌ஷயரின் பெவர்லி என்றால் பீவர் ஓடை. வேல்ஸில் பத்தாம் நூற்றாண்டு மன்னன் ஹைவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டத்தொகுப்பு பீவர் தோலுக்கு 120 பென்னி விலை வைக்கிறது. அதே சட்டத்தில் மரநாய் வகையைச் சேர்ந்த மார்ட்டின் தோலுக்கு 24 பென்னிதான். ஐந்து மடங்கு. அரிதாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1188இல் சிலுவைப்போருக்கு ஆள் சேர்க்கப் போன பேராயரோடு வேல்ஸைச் சுற்றிய பாதிரியார் ஜெரால்டு, அங்கே டைவி ஆற்றில் மட்டும் பீவர்கள் மிஞ்சியிருப்பதாக எழுதிவைத்தார். கூடவே அந்தக் கால நம்பிக்கை ஒன்றையும் சேர்த்தார்: வேட்டைக்காரன் துரத்தினால் பீவர் தன் விதைகளைத் தானே கடித்து எறிந்துவிட்டு உயிர் பிழைக்குமாம்.

வேட்டைக்காரன் தேடியது விதையை அல்ல. வாலடியில் ஆண், பெண் இரண்டுக்குமே உள்ள சுரப்புப் பைகளை. அதிலிருந்து வரும் காஸ்டோரியம் என்ற மணப்பொருள் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாக ஐரோப்பாவெங்கும் விலைபோனது. வில்லோ பட்டையில் உள்ள, ஆஸ்பிரினுக்கு உறவான சத்து அதில் சேர்ந்திருப்பதால் அந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. யுனானி வைத்தியர்கள் ஜுந்த் பேதஸ்தர் என்று சொல்வது இதைத்தான். பீவரையே பார்த்திராத நம் நாட்டு மருந்துப் பெட்டிகளுக்குள்ளும் அது அந்தப் பெயரில் வந்து சேர்ந்திருந்தது.

தோல், மருந்து, கறி. மூன்றும் சேர்ந்து 16ஆம் நூற்றாண்டுக்குள் பிரிட்டனில் பீவரை ஏறக்குறைய முடித்துவிட்டன. யார்க்‌ஷயரின் போல்டன் பெர்சி தேவாலயக் கணக்கில், 1789இல் ஒரு பீவர் தலைக்கு இரண்டு பென்னி கொடுத்த பதிவை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அதுதான் கடைசித் தடயம். 120 பென்னியில் தொடங்கிய விலை.

உண்மையான பேரழிவு வேறொரு கண்டத்தில் நடந்தது. காரணம் தொப்பி.

பீவரின் உடலில் இரண்டு அடுக்கு மயிர். மேலே நீளமான முரட்டு மயிர். அடியில் பஞ்சு போன்ற உள்மயிர். உள்மயிரின் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அதை ஆவியில் வைத்து அழுத்தினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கம்பளம் போலாகும். மழைக்கு ஊறாது, அழுத்தினாலும் வடிவம் மாறாது. அகன்ற விளிம்புத் தொப்பிக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. 1661 ஜூனில் லண்டன் அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் ஒரு பீவர் தொப்பிக்கு 4 பவுன் 5 ஷில்லிங் கொடுத்ததாகக் குறித்திருக்கிறார். வீட்டு வேலைக்காரப் பெண் ஓராண்டு உழைத்தாலும் சேராத பணம். அப்பன் தொப்பியை மகன் சொத்தாக வாங்கிக்கொண்ட காலம் அது.

ஐரோப்பிய பீவர் தீர்ந்ததும் வியாபாரிகள் கனடாவுக்குப் போனார்கள். அங்கே ஒரு விசித்திரம் காத்திருந்தது. புதுத் தோலைவிடப் பழந்தோலுக்கு விலை அதிகம். காரணம் தொழில் நுட்பம். முரட்டு மயிரை நீக்குவதுதான் தொப்பித் தொழிலில் கடினமான வேலை. அந்த வித்தையை ரஷ்யர்கள் மட்டும் கைக்குள் வைத்திருந்தார்கள். கனடாவில் பிடித்த பீவரின் தோல் ஆம்ஸ்டர்டாம் வழியாக ரஷ்யாவுக்குப் போய், சீவப்பட்டு, மறுபடி மேற்கே வந்த காலம் உண்டு. கனடாவின் பூர்வகுடிகளோ பீவர் தோலை மயிர்ப்பக்கம் உள்ளே வைத்துப் போர்வையாக உடுத்தினார்கள். ஒன்றிரண்டு குளிர்காலம் உடலோடு உராய்ந்ததில் முரட்டு மயிர் தானாக உதிர்ந்துவிடும். வியர்வையும் கொழுப்பும் ஏறி உள்மயிர் பதமாகும். அந்த அழுக்குப் போர்வையை வெள்ளைக்காரன் கெஞ்சி வாங்கினான், கத்தியும் கோடாரியும் செம்புக் கெண்டியும் கொடுத்து. தாங்கள் கழற்றி எறியப்போகும் பழந்துணிக்கு இத்தனை பொருளா என்று அவர்கள் சிரித்ததை அங்கே தங்கிய ஏசுசபைப் பாதிரிமார்கள் எழுதி அனுப்பினார்கள்.

ஹட்சன்ஸ் பே கம்பெனி தன் கோட்டைகளில் பவுனுக்குப் பதிலாகப் பீவரையே நாணயமாக்கியது. நன்றாகப் பதப்பட்ட ஒரு முழுத்தோல் ‘மேட் பீவர்’, அதாவது ஓர் அலகு. துப்பாக்கி இத்தனை பீவர், கம்பளி இத்தனை பீவர், மற்ற விலங்குத் தோல்களும் இத்தனை பீவருக்குச் சமம் என்று பட்டியல் ஓடியது. பிற்காலத்தில் இதற்குப் பித்தளை வில்லைகளே அடித்தார்கள். கியூபெக்கின் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பீவர் கறி ஆகுமா என்று கேட்டார்கள். நீரில் வாழ்வதாலும் செதில் வால் இருப்பதாலும் மீன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று திருச்சபை விட்டுக்கொடுத்தது. பாவம், அந்தப் பிராணிக்கு விரத நாள் விடுமுறைகூட இல்லாமல் போயிற்று.

தொப்பி செய்தவர்களும் தப்பவில்லை. மயிர் நன்றாகக் கோத்துக்கொள்வதற்காகப் பாதரச நைட்ரேட் தடவினார்கள். ஆவி பிடிக்கும் அறையில் அந்தப் பாதரசத்தைச் சுவாசித்தார்கள். கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், மனக்கலக்கம். தொப்பிக்காரன் பைத்தியம் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பேச்சை இந்த நோயோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் ஒழிய 1941 ஆயிற்று.

1820களில் கொலை வேறொரு கட்டத்தை எட்டியது. இன்றைய ஒரிகன், இடாஹோ பகுதி யாருக்கு என்று பிரிட்டனும் அமெரிக்காவும் முடிவு செய்யாத நேரம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் பீவரைத் தேடித்தான் மேற்கே வருவார்கள். பீவர் இல்லையென்றால் வரமாட்டார்கள். கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் போட்ட திட்டம் எளிமையானது: கொலம்பியா ஆற்றுக்குத் தெற்கே ஸ்நேக் ஆற்றுச் சீமையில் ஒரு பீவர்கூட மிஞ்சக் கூடாது. மற்ற இடங்களில் இனப்பெருக்கத்துக்கு விட்டுவைக்கச் சொன்ன அதே கம்பெனி, இங்கே மட்டும் குட்டியையும் விடாதே என்றது. 1824 முதல் 1830 வரை பீட்டர் ஸ்கீன் ஓக்டன் ஆண்டுதோறும் படை போலப் பரிவாரத்தோடு போய் ஓடை ஓடையாகப் பொறி வைத்தார். எல்லைத் தகராறில் அந்தப் பகுதி கடைசியில் அமெரிக்காவுக்கே போனது. பீவர்கள் போனதுதான் மிச்சம்.

ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்காவில் 6 கோடி முதல் 40 கோடி வரை பீவர்கள் இருந்திருக்கலாம் என்பது இயற்கையியலாளர் எர்னெஸ்ட் தாம்சன் சீட்டனின் மதிப்பீடு. 1900 வாக்கில் ஒரு லட்சம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சேர்த்து மிஞ்சியவை சுமார் 1,200. ரோன், எல்ப ஆறுகளின் கரை, நார்வேயின் டெலிமார்க், பெலாரஸ், ரஷ்யா, மங்கோலியா என்று எட்டு மூலைகளில். 1840களில் பட்டுத் தொப்பி நாகரிகமானதால்தான் அவ்வளவாவது தப்பியது. கருணையால் அல்ல, ஃபேஷனால்.

இனி ஆறு. அணையைக் காத்தவன் போனால் அணை சில ஆண்டுகளில் அறுந்துவிடும். பரந்து நின்ற நீர் ஒற்றைக் கோட்டில் வேகமெடுக்கும். வேகமெடுத்த நீர் அடியை அரிக்கும். ஓடை தரையைவிட ஓர் ஆள் ஆழம், இரண்டு ஆள் ஆழம் இறங்கிவிடும். அதோடு சேர்ந்து நிலத்தடி நீரும் இறங்கும். வேர் எட்டாமல் வில்லோ காயும். பக்கத்துப் புல்வெளி புதர்க்காடாகும். பிறகு வரும் வெள்ளத்துக்குப் பரவ இடமில்லை. பள்ளத்துக்குள்ளேயே சீறிக்கொண்டு கீழேயுள்ள ஊருக்குப் போகும். மாடு மேய்த்தவர்களும் உழுதவர்களும் இதில் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் தொப்பியின் தலையில் கட்ட முடியாது.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. பீவர் போய் மூன்று தலைமுறைக்குள் ‘ஆறு’ என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. பச்சைக் கரைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து தெளிவாக ஓடும் ஒற்றை நீரோட்டம். ஓவியர் வரைந்ததும் தூண்டில்காரர் விரும்பியதும் அதைத்தான். பாடப்புத்தகமும் அதையே ஏற்றுக்கொண்டது. 1950களில் லூனா லியோபோல்டு, கோர்டன் வோல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பென்சில்வேனியா, மேரிலாந்து ஓடைகளை அளந்து எழுதியவை ஆற்றியலுக்கே அடித்தளம் ஆயின. 2008இல் ராபர்ட் வால்டர், டாரத்தி மெரிட்ஸ் என்ற இருவர் அதே பகுதியில் கரைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். அந்த அழகிய கரை ஆறு போட்டதல்ல. 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை மாவரைக்கவும் மரம் அறுக்கவும் மனிதர் கட்டிய ஆலை அணைகளுக்குப் பின்னால் தேங்கிய வண்டல். 1840 வாக்கில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மட்டும் 65,000 நீராலைகள் இருந்தன. அந்த வண்டலுக்கு அடியில் கறுத்த பழைய மண். ஓடை ஒற்றையாக இல்லாமல் பல கால்களாகப் பிரிந்து, சதுப்பாகக் கிடந்ததன் சாட்சி. ஆலைகள் வருமுன்பே அங்கிருந்த பீவர்கள் தோலாகிக் கப்பலேறியிருந்தன. ஆக, இயற்கையான ஆறு என்று அளந்து பார்த்தது ஆலைக்காரன் விட்டுப்போன ஆற்றை.

பீவரைத் திரும்பக் கொண்டுவருவது புதிய யோசனை அல்ல. நார்வே 1845லேயே பாதுகாப்புச் சட்டம் போட்டது. ஸ்வீடனில் கடைசிப் பீவர் செத்தபிறகு, 1873இல், வேட்டைத் தடை வந்தது; சட்டம் இருந்தது, பிராணி இல்லை. 1922இல் நார்வேயிலிருந்து ஒரு ஜோடியை வாங்கிவந்து பியூரெல்வன் என்ற ஆற்றில் விட்டார்கள். பெயரின் பொருள் பீவர் ஆறு. மறு ஆண்டு ரஷ்யாவின் வொரோனேஜில் பீவருக்காகவே ஒரு காப்பகம் எழுந்தது. 1966இல் பவேரியா. இன்று பவேரியாவில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். ஐரோப்பா முழுக்கப் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவின் முறை கொஞ்சம் சினிமாத்தனமானது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இடாஹோவின் மலை ஏரிக்கரைகளில் வீடுகள் பெருகின. பீவர்கள் தோட்டத்து மரங்களைச் சாய்த்தன. அவற்றைப் பிடித்து, சாலையே இல்லாத உள்காட்டுக்கு அனுப்ப வேண்டும். கோவேறு கழுதைமேல் ஏற்றினால் வெயில் தாங்காமல் பீவர் சாகும். நாற்றத்துக்கும் ஆட்டத்துக்கும் கோவேறு கழுதை மிரளும். எல்மோ ஹீட்டர் என்ற அதிகாரிக்குப் போரில் மிஞ்சிய பாராசூட்டுகள் நினைவுக்கு வந்தன. தரையைத் தொட்டுக் கயிறு தளர்ந்ததும் தானே திறந்துகொள்ளும் மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். ஜெரோனிமோ என்று பெயரிட்ட கிழட்டுப் பீவரை வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அது பெட்டியை விட்டு வெளியேறும், ஆட்கள் பிடித்துவருவார்கள், கடைசியில் அதுவே பழகிப்போய்ப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டதாம். 1948இல் 76 பீவர்கள் வானத்திலிருந்து இறங்கின. ஒன்று மட்டும் நடுவானில் பெட்டியைத் திறந்து வெளியே ஏறி விழுந்து இறந்தது. ஜெரோனிமோவுக்கு முதல் விமானத்திலேயே இடமும், துணைக்கு மூன்று இளம் பெண் பீவர்களும் கிடைத்தன. அத்தனை பாடுபட்டதற்கு நியாயமான கூலிதான்.

எங்கு விட்டாலும் நல்லது என்று நினைத்தவர்களும் உண்டு. 1937இல் பின்லாந்து தெரியாமல் அமெரிக்க இனத்தை இறக்குமதி செய்தது. ஐரோப்பிய பீவருக்கு 48 குரோமோசோம், அமெரிக்கப் பீவருக்கு 40, இரண்டும் வேறுவேறு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய தவறு 1946இல் அர்ஜென்டினா செய்தது. தோல் தொழில் வளரும் என்று கனடாவிலிருந்து 20 பீவர்களைத் தென்முனைத் தீவான தியரா டெல் ஃபுயேகோவில் விட்டது. அங்கே ஓநாய் இல்லை, கரடி இல்லை. அங்குள்ள மரங்கள் வில்லோ போல வெட்டினால் துளிர்க்கும் சாதி அல்ல, சாய்ந்தால் சாய்ந்ததுதான். காடு காடாகச் செத்து நின்றது. நீரிணையை நீந்திக் கடந்து சிலி நாட்டுப் பெருநிலத்துக்கும் பீவர்கள் போய்விட்டன. இரண்டு அரசுகளும் இப்போது அழிக்கப் பார்க்கின்றன. தோல் தொழில் மட்டும் வரவே இல்லை.

ஓக்டன் பொறி வைத்துத் திரிந்த அதே ஒரிகனில், ஜான் டே ஆற்றின் கிளையான பிரிட்ஜ் கிரீக்கில், மனிதர்கள் பீவர் வேலையைப் படித்துக்கொண்டார்கள். அங்கே கொஞ்சம் பீவர்கள் இருந்தன. ஆனால் ஓடை பள்ளமாகிவிட்டதால் கட்டிய அணை ஒவ்வொரு வெள்ளத்திலும் போனது. 2009 முதல் மைக்கேல் போலாக், நிக் போவெஸ் முதலிய ஆய்வாளர்கள் ஓடைக்குக் குறுக்கே வரிசையாக முளைக்கம்புகளை அடித்து, வில்லோ மிலாறைப் பின்னிவைத்தார்கள். நம் ஊர் விவசாயியிடம் காட்டினால் இதற்கா ஆராய்ச்சி என்பார். அந்த அடித்தளத்தின்மேல் பீவர்கள் தாங்களே கட்டிக்கொண்டன. மண் தேங்கிப் படுகை உயர்ந்தது, நிலத்தடி நீர் ஏறியது. கடலிலிருந்து வந்து முட்டையிடும் ஸ்டீல்ஹெட் மீனின் குஞ்சு உற்பத்தி, வேறோர் ஓடையோடு ஒப்பிட 175 சதவீதம் கூடியது என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அணை கட்டினால் மீன் போகாது என்று சொல்லிவந்த தூண்டில்காரர்களுக்கு இது சங்கடமான எண்.

பிரிட்டனுக்கு வருவோம். ஸ்காட்லாந்து சட்டப்படி, மெதுவாகச் செய்தது: 2009இல் நாப்டேல் காட்டில் நார்வேயிலிருந்து பீவர்களைக் கொண்டுவந்து விட்டது. அவை பிடிபட்டது டெலிமார்க்கில், 1845 சட்டம் காப்பாற்றிய அதே கூட்டத்தின் வாரிசுகள். ஆனால் அதற்கும் முன்பே கிழக்கே டே ஆற்றுப் படுகையில் யாருடைய அனுமதியும் இல்லாமல் பீவர்கள் திரிந்துகொண்டிருந்தன. தனியார் வளாகங்களிலிருந்து தப்பியவையா, இரவோடு இரவாக யாரோ விட்டவையா என்பது தெரிந்தவர்களுக்கே வெளிச்சம்.

இங்கிலாந்திலும் அப்படியே. டெவன் பகுதியில் ‘ஆட்டர்’ என்றே ஓர் ஆறு. தமிழில் நீர்நாய் ஆறு. அங்கே 2013இல் பீவர்கள் படத்தில் சிக்கின, பிறகு குட்டிகளும். சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் திறந்த ஆற்றில் பிறந்த பீவர்கள். அரசு மகிழவில்லை. ஆபத்தான நாடாப்புழு இருக்கலாம், பிடித்துக் கூண்டில் போடுங்கள் என்றது. ஊர் எழுந்தது. ஆட்டரி செயின்ட் மேரி என்ற சிறு நகரத்து மக்கள் பீவர்களைத் தங்கள் பிள்ளைகள் போலப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்’ அமைப்பு வழக்குத் தொடுத்தது. டெவன் வனவிலங்கு அறக்கட்டளை நடுவே புகுந்து, ஐந்தாண்டு சோதனையாக அனுமதியுங்கள் என்று கேட்டு, 2015 ஜனவரியில் வாங்கியும்விட்டது. பீவர்களைப் பிடித்துச் சோதித்தார்கள். புழு இல்லை. அதே ஆற்றில் மறுபடி விட்டார்கள்.

எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரேசியரும் குழுவினரும் அதற்கு முன்பே மேற்கு டெவனில் வேலி போட்ட ஒரு நிலத்தில் பீவர் ஜோடியின் வேலையை அளந்துகொண்டிருந்தார்கள். 2011இல் விட்ட அந்தக் குடும்பம், இரண்டு ஹெக்டேர்கூட இல்லாத இடத்தில் 13 குளங்களை உண்டாக்கியது. குளங்களின் அடியில் தேங்கியது 100 டன்னுக்கு மேல் வண்டல். அதில் 70 சதவீதம் மேலேயுள்ள புல்வயல்களிலிருந்து அரித்துவந்த மண். வயலின் வளம் ஆற்றில் போகிறது என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு எடைபோட்ட ஆதாரம். ஆட்டர் ஆற்றில், ஈஸ்ட் பட்லி என்ற ஊருக்கு மேலே பீவர்கள் அணைத்தொடர் கட்டியபிறகு, அங்கே வெள்ளத்தின் உச்சம் தணிந்தது. பீவர் குளங்களில் மற்ற நீர்ப்பகுதிகளைவிட மீன் 37 சதவீதம் அதிகம். ஓர் உருளைக்கிழங்கு வயலும் நனைந்தது. அதையும் அறிக்கையில் எழுதினார்கள். 2020 ஆகஸ்டில் அரசு இறங்கிவந்தது: பீவர்கள் இருக்கட்டும். 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து இங்கிலாந்தில் பீவரைக் கொல்வதும் அதன் குடியிருப்பைக் குலைப்பதும் உரிமமின்றிச் செய்தால் குற்றம்.

நனைந்த வயல்காரரின் பேச்சையும் கேட்க வேண்டும். டே ஆற்றுப் படுகை ஸ்காட்லாந்தின் தங்கமான விளைநிலம். தலைமுறை தலைமுறையாக வடிகால் வெட்டிச் சமன்செய்த தட்டை பூமி. அங்கே ஒரு வடிகாலைப் பீவர் ஓரிரவில் அடைத்தால் ஏக்கர் ஏக்கராகப் பயிர் நீரில் நிற்கிறது. வெள்ளக்கரையைக் குடைந்தால் கரையே போகிறது. 2019 மே முதல் தேதி ஸ்காட்லாந்து பீவரைப் பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஆக்கியது. அதே ஆண்டில் உரிமம் கொடுத்து 87 பீவர்களைச் சுடவும் அனுமதித்தது. செய்தி வெளிவந்ததும் கொந்தளிப்பு. சுடுவதற்குப் பதில் பிடித்து இடம்மாற்றுங்கள் என்ற குரல் அதற்குப் பிறகுதான் வலுத்தது. பவேரியா இந்தச் சண்டையை முன்பே பார்த்துவிட்டது. பீவர் ஆலோசகர்கள் என்று ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பழக்கியிருக்கிறார்கள். வயல் மூழ்கினால் அவர்கள் வந்து அணைக்குள் ஒரு குழாயைச் செருகிவிடுவார்கள். நீர்மட்டம் ஓரளவுக்கு மேல் ஏறாது. சலசலப்புக் கேட்காததால் பீவருக்கும் தெரியாது. லார்ஸ் வில்சனின் ஒலிபெருக்கியைத் தலைகீழாகப் பயன்படுத்துவது மாதிரி.

செக் குடியரசில் இன்னொரு வகை அனுபவம். பிராகாவுக்குத் தென்மேற்கே பிர்டி மலையில், முன்பு ராணுவம் வைத்திருந்த நிலத்தில், சதுப்பை மீட்க அணைகள் கட்டத் திட்டம் போட்டார்கள். 2018 முதல் கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. நிலம் யார் கையில், அனுமதி யார் தர வேண்டும். அதற்குள் எட்டுப் பீவர்கள், கிட்டத்தட்ட வரைபடத்தில் குறித்த இடங்களிலேயே அணைகளைக் கட்டி முடித்துவிட்டன. 3 கோடி கொருனா மிச்சம் என்று 2025 தொடக்கத்தில் அதிகாரிகள் சொன்னார்கள். டெண்டர் இல்லை, கமிஷனும் இல்லை.

லண்டனும் விட்டுவைக்கவில்லை. நகரின் மேற்கே ஈலிங்கில், முன்பு கோல்ஃப் மைதானமாக இருந்த பாரடைஸ் ஃபீல்ட்ஸ் பூங்காவில் 2023 அக்டோபரில் ஒரு பீவர் குடும்பத்தைக் குடிவைத்தார்கள். ஐந்து பேர். வேலி உண்டு, ஆனால் மக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். பக்கத்துக் கிரீன்ஃபோர்டு ரயில் நிலையம் மழைக்கு மூழ்கும் இடம் என்பதால் தேர்ந்தெடுத்த ஓடை அது.

லண்டனின் தென்மேற்கில் வேறோர் ஓடை இருக்கிறது. விம்பிள்டன் வெளியைக் கடந்து, ரிச்மண்ட் பூங்காவுக்குள் புகுந்து, தேம்ஸில் கலக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் நேராக்கி, பல இடங்களில் கரை கட்டி, ஏறக்குறையச் சாக்கடை போல ஆக்கிவிட்டிருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் பூங்காவுக்குள் அதன் கரைக் கட்டைப் பெயர்த்து, நீரோட்டத்தில் மரத்துண்டுகளையும் கிளைக் கட்டுகளையும் இறக்கியிருக்கிறார்கள், தண்ணீர் கொஞ்சம் தயங்கி, வளைந்து போகட்டும் என்று. அந்த ஓடையின் பெயர் பெவர்லி புரூக்.